பிச்சிக்கு வெட்டிய மலாயாக் கிராப்பு

தைப்பிங்கில் மழை வருமா வராதா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் பேச்சு. கடைத்தெருக் காப்பிக்கடையில் சீனக் கிழவர்கள் மத்தியானமே கூடி, இன்றைக்கு மூன்றரையா நாலேகாலா என்று பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவர் மற்றவர்களுக்குக் காப்பி வாங்கித் தர வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக மழை வந்துவிடும். அதனால் இங்கே தரையில் நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கமே கிடையாது. நான் வந்த புதிதில் ஒருநாள் மத்தியானம் வாசலில் நின்ற செம்பருத்திக்கு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனேன். எதிர்வீட்டு மலாய்க்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு வாளியையும் எடுத்துக்கொண்டு, "மானா? மானா?" என்று கத்தியபடி ஓடிவந்தார். எங்கே, எங்கே என்று அர்த்தம். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார் மனுஷர். நான் செடியைக் காட்டினேன். அவர் செடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வாளியோடு திரும்பிப் போனார். அன்றைக்கு மழை நாலு மணிக்கு வந்தது.

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. புது ஊர்ப் பழக்கம் ஒட்டுவதற்கு நாளாகும் என்று நாம் பயப்படுகிறோம். அது நமக்குத் தெரியாமலே ஒட்டிக்கொள்ளும். சொந்த ஊர்ப் பழக்கம் அதைவிடச் சத்தமில்லாமல் கழன்றுவிடும். எனக்குக் கழன்றது. அது கழன்றதால் என் மகளை நான் கிட்டத்தட்ட இழந்திருப்பேன். இழக்காமல் போனதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால், "போதும், எந்திரிச்சுச் சாப்பிட வாங்க" என்பாள்.

நான் தென்காசிக்காரன். ஐம்பத்தொன்றில் இங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலைக்கு வந்தேன். கிராணி என்றால் குமாஸ்தா. நான் புறப்பட்டபோது என் மனைவி கோமதிக்கு ஆறு மாதம். மகள் பிறந்த செய்தி கடிதத்தில்தான் வந்தது. கோயில் அம்மன் பெயரையே வைத்து உலகம்மாள் என்று கூப்பிட்டார்கள், அது சுருங்கி உலகு ஆயிற்று. அவளுக்குப் பல் முளைத்தது, நடந்தது, அட்சரம் எழுதியது எல்லாம் கடிதத்தில்தான் எனக்கு நடந்தன. ஏழு வருஷம் கழித்து, ஐம்பத்தெட்டில் பங்குனி மாதம், ஆறு மாத லீவில் ஊருக்குப் போனேன்.

ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது உலகு கோமதியின் சேலைக்குப் பின்னால் நின்றாள். பிஸ்கட் டப்பாவையும் பூப்போட்ட கவுனையும் நீட்டினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து, அம்மா தலையசைத்த பிறகு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்காக அந்தப் பிள்ளை என்னை எதுவென்றும் கூப்பிடவில்லை. அப்பா என்றும் இல்லை, வேறு எதுவும் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கூடச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். "சோறு வச்சாச்சாம்." "மாமா வெளியில நின்னு கூப்பிடுதாவ." மாமா என்றால் பக்கத்து வீட்டில் குடியிருந்த கோமதியின் அண்ணன், என் மச்சான். அவர் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுப்பாள். அதை நான் நின்று பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றைச் சுற்றிக் கோமதி ஒரு பூந்தோட்டம் வைத்திருந்தாள். கனகாம்பரம், நந்தியாவட்டை, செவ்வரளி, ஒரு ஓரமாக மரிக்கொழுந்து. எல்லாவற்றுக்கும் நடுவில் பனைமட்டையும் மூங்கிலும் வைத்துக் கட்டிய பந்தலில் ஒரு பிச்சிக்கொடி. வேறு ஊர்களில் இதை ஜாதிமல்லி என்கிறார்கள். இளஞ்சிவப்புத் தடவிய அதன் மொட்டுகளைச் சாயங்காலம், மலர்வதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும். அந்த வேலை உலகுவுடையது. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள், வெகுநேரம் கழித்துத்தான் வருவாள். பந்தலுக்குக் கீழே நின்று உதட்டை அசைத்துக்கொண்டே பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். மொட்டுகளை எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகும்போதும் ஒரு தடவை பின்பக்கம் ஓடிப்போய்விட்டு வருவாள். செடி மேல் அவ்வளவு ஆசை என்று புரிந்துகொண்டேன். சரி, பிள்ளையிடம் போக இதுதான் வழி என்று முடிவு கட்டினேன்.

இங்கே துரை பங்களாத் தோட்டக்காரர் எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தார். பூக்கொடியை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிட வேண்டும். பதினைந்து நாளில் கொத்துக் கொத்தாகத் தளிர்த்து, பழையதைப் போல இரண்டு மடங்கு பூக்கும். என் கண்ணால் பார்த்தது. சித்திரை பிறந்து சில நாளில் கோமதியும் உலகுவும் செங்கோட்டையில் கோமதியின் அக்கா வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போனார்கள். திரும்பி வருவதற்குள் பிள்ளைக்கு ஒரு ஆச்சரியம் வைக்கலாம் என்று அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன். பந்தல் முழுவதும் படர்ந்திருந்த பிச்சியை வெட்டி, நாலே நாலு குச்சியாக நிறுத்தினேன். வேலை சுத்தமாக இருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நானே அதைப் பாராட்டினேன்.

மச்சான் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள, செடிக்கு மலாயாக் கிராப்பு வெட்டிவிட்டுட்டீரு போல! காதுக்கு மேல நல்லா ஒட்ட வெட்டியிருக்கீரு" என்றார். சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "சின்னவ வந்தா என்ன சொல்லுவாளோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். உலகு வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் ஓடினாள். அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், அந்தக் குச்சிகளில் வெட்டிய இடத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் வீடே அதிரும்படி கத்தினாள். "எம்மா, அப்பாவ வெட்டிட்டாவ! எம்மா, ஓடி வா, அப்பாவ வெட்டிட்டாவ!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா நான்தானே, இங்கேதானே நிற்கிறேன் என்று முட்டாள்தனமாகத் தோன்றியது. கோமதி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அழுது அழுது அது தூங்கிய பிறகு அடுக்களைக்கு வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நீங்க கப்பலேறி ஒரு வருசம் கழிச்சு அக்கா வீட்டுலேர்ந்து ஒரு கொம்பு கொண்டாந்து வச்சேன். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அப்பா எங்க, அப்பா எங்கன்னு ஒரே கேள்வி. ஒங்க போட்டோவக் காட்டினேன். இது அசையவே மாட்டேங்குதுன்னு தள்ளிவிட்டுட்டா. அதான், இந்தா இது அப்பா வச்ச செடி, அப்பாட்ட சொல்லுததெல்லாம் இதுட்ட சொல்லுன்னேன். காத்துக்குத் தலையாட்டும்லா. அதுவே அவளுக்கு அப்பாவாப் போச்சு. பள்ளிக்கூடத்துல அடி வாங்கினாலும் அதுட்டதான் சொல்லுவா. பொய்யினு எனக்குத் தெரியும். வேற என்னத்தக் காட்ட?"

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "பிச்சிய தையிலதான் வெட்டுவோம். அதுகூடவா மறந்துபோச்சு? சித்திரை வெயில்ல வெட்டினா என்னத்துல துளுக்கும்?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தது. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன், எப்போது மழை, எப்போது வெயில், எப்போது காற்று என்பதை ஏழே வருஷத்தில் தொலைத்துவிட்டு வந்திருந்தேன். தினமும் நாலு மணிக்கு மழை பெய்கிற ஊரின் கணக்கைக் கொண்டுபோய்த் தென்காசிக் கத்திரி வெயிலில் போட்டுப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷமாக எனக்குப் பதிலாக நின்று என் பிள்ளையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை, என் கையாலேயே வெட்டினேன். நான் நடாத செடியை என் பெயரில் நட்டு, என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் பிள்ளைக்குள் என்னை வளர்த்திருந்தாள் கோமதி. அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் பெரிது. நன்றி அதைவிடப் பெரிது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். சித்திரை முடிந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்க் கயிற்றை ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. வைகாசி பாதியானது. நாலு குச்சியும் குச்சியாகவே நின்றன. உலகு என் பக்கம் திரும்புவதில்லை. நான் தண்ணீர் இறைக்கும்போது மட்டும் கொல்லைக்கதவில் சாய்ந்து நின்று பார்ப்பாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன், உள்ளே பச்சை தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஒருநாள் குச்சிகளின் தலை மேலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "தலையில ஊத்தாதீங்க. அழுகிரும். அடியில ஊத்துங்க." சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் அடியில் ஊற்றினேன்.

ஆனி பிறந்து சில நாளில் குற்றாலத்து மலையில் மேகம் இறங்கியது. கணவாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது, அதோடு சாரலும் வந்தது. நனைக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி விழுகிற அந்தத் தூறலுக்கு இங்கே பெய்கிற மழை கால் தூசு பெறாது. ஒரு வாரத்தில் நாலு குச்சியில் மூன்று துளிர்த்தன. நாலாவது பட்டுப்போயிருந்தது. உலகு தன் விரலை நீட்டித் துளிர்களைத் தொடாமல் தொட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போனோம். அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. கோமதி, "பிள்ளைய நசுக்கிருவாங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று உலகுவின் கையை என் கையில் வைத்தாள். உலகுவுக்கு இஷ்டமில்லை. ஆனால் அருவியில் நிற்க ஆசை. தண்ணீர் தலையில் விழுந்ததும் பயந்துபோய் என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். என் மகளை நான் முதல்முதலாகத் தூக்கியது அப்போதுதான். அருவிச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை, அதற்காக அந்தத் தண்ணீருக்கும் நான் கடமைப்பட்டவன்.

வெளியே வந்து தலை துவட்டிவிட்டபோது கேட்டாள். "அந்தச் செடி எங்க அப்பா இல்லையா?"

கோமதி என்னைப் பார்த்தாள். பொய்யென்றும் சொல்லக்கூடாது, மெய்யென்றும் சொல்ல முடியாது. "நான் இங்கன இல்லாதப்ப எனக்குப் பதிலா நின்னுச்சு. நீ சொன்னதெல்லாம் எனக்காகத்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு" என்றேன். அவள் யோசித்தாள். "அப்ப நான் சிலேட்ட ஒடச்சது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "இப்பத் தெரியும்" என்றேன். கோமதி சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆடி பாதியில் பிச்சி முதல் மொட்டு விட்டது. உலகு ஏழெட்டு மொட்டுகளைப் பறித்துவந்தாள், கோமதி வாழைநாரில் கட்டினாள், உள்ளங்கை நீளம்கூட வரவில்லை. நான் ஆசையாக வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். "ஐயோ அப்பா, மோந்து பாக்காதீங்க! அது சாமிக்கு!" என்று பாய்ந்து பிடுங்கினாள். முதல் தடவை அப்பா என்று கூப்பிட்டது என்னைத் திட்டுவதற்குத்தான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கோமதியும் நானும் கவனித்தோம்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் லீவு முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. பெட்டி கட்டுகிற நாள் உலகு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்து விஷயங்களைப் பிச்சியிடம் சொல்லிக்கொண்டு இரு, எனக்கு வந்து சேரும் என்று சமாதானம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போன பொறவு நான் யாருட்ட சொல்ல? அது இனிமே வெறும் செடிதான" என்றாள். இத்தனை வருஷமாக அவளிடம் ஒரு அப்பா இருந்தார். நான் வந்து, நான்தான் அப்பா என்று நிரூபித்து, அவரை இல்லாமல் ஆக்கிவிட்டு இப்போது நானும் புறப்படுகிறேன். ரயிலில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. கப்பல் பினாங்கு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் குடும்பத்தை ஊரில் வைப்பதுதான் வசதி என்றார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். இனி அப்படி இல்லை. மனுவுக்கு மேல் மனுப் போட்டு, அலைந்து திரிந்து, அறுபதில் இருவரையும் இங்கே கூட்டி வந்தேன். கோமதி தன் தோட்டத்தை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தாள். அவள் விட்டுவந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

இது அறுபத்தாறு. தைப்பிங் வீட்டு வேலியோரம் இப்போது ஒரு பிச்சிப் பந்தல் இருக்கிறது. இங்கேயுள்ள கோயில் தோட்டத்தில் கேட்டு வாங்கிய கொம்பு. மாதக் கணக்கே இல்லாமல் பூக்கிறது. "காலமும் கிடையாது, நேரமும் கிடையாது, என்ன செடியோ" என்று கோமதிக்கு அதன்மேல் கொஞ்சம் இளக்காரம். ஆனாலும் ஒரு மொட்டை விடமாட்டாள். சாயங்காலம் தாயும் மகளுமாகப் பறித்துவிடுவார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு சீன அம்மாள். ஆசோ என்று கூப்பிடுவோம், அண்ணி என்பது போல ஒரு முறை. அவளுக்கு இது பொறுக்கவில்லை. "பெலும் கெம்பாங்!" என்பாள். இன்னும் மலரவே இல்லையே என்று அர்த்தம். ஏன் பறிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விளக்கினேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, மறுநாள் ஒரு டப்பா தேயிலையைக் கொண்டுவந்து நீட்டினாள். தேயிலையில் வாசனை ஏற்றத்தான் மொட்டாகப் பறிக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

உலகுவுக்கு இப்போது பதினைந்து வயது. சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டலாம் என்று ஒரு முழம் கட்டி எடுத்துப்போய் ஆசோவின் கொண்டையில் வைக்கப் போனாள். ஆசோ பதறிப் பின்வாங்கிவிட்டாள். அவர்களுக்குத் தலையில் வெள்ளைப்பூ வைப்பது தாய் தகப்பன் செத்த வீட்டில்தானாம். அதை அவள் மகன் வந்து பக்குவமாகச் சொன்னான். உலகு இரண்டு நாள் வேலிப்பக்கமே போகவில்லை. தெரியாமல் செய்ததற்கு யாரும் கோபப்படவில்லை என்று கோமதி தேற்றினாள். எனக்கோ ஒரு அரிவாளும் நாலு குச்சியும் ஞாபகத்துக்கு வந்தன. நல்லது செய்யப்போய்த் தப்புச் செய்கிற குணம் என் மகளுக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு ரகசியச் சந்தோஷம்கூட.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை விட்டதும் கிண்ணத்தோடு வந்தாள். வீட்டுப் பக்கத்திலிருந்து பறிக்கத் தொடங்கிப் பந்தலின் பாதிவரை வந்தவள், அங்கே நிறுத்திவிட்டாள். வேலிப்பக்கத்து மொட்டு ஒன்றையும் தொடவில்லை. "அந்தப் பாதி ஆசோவுக்குப்பா. மலந்ததப் பாக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒரே கொடியில் இந்தப் பாதி பச்சையாக இருக்கிறது, பூவெல்லாம் சாமி படத்திலும் கோமதியின் தலையிலும். அந்தப் பாதி விடியும்போது வெள்ளையாக மலர்ந்து நிற்கிறது, ஆசோ காப்பிக் கோப்பையோடு அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் உலகு பறித்துக்கொண்டிருந்தபோது நான் பந்தலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். எந்த இடத்தில் பாதி முடிகிறது என்று தேடினேன். இலைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. "அப்பா, சரியா நடுவுல நிக்கீங்க. எதுவரைக்கும் பறிக்கணும்னு தெரியல. தள்ளுங்க" என்றாள். எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன். அவள் அலுத்துக்கொண்டு, ஈரக்கையால் என் தோளைப் பிடித்து இழுத்தாள். இழுத்த பக்கம் போய் நின்றேன். அது எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.